முதல் தட்டே இல்லாதவர்கள்

எல்ல நகரின் பிரதான வீதியில் இப்போதெல்லாம் கோப்பிக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் நடுவே நடந்து போவதே சிரமம். எங்கள் வாப்பா இங்கே சில்லறைக் கடை வைத்திருந்த காலத்தில், சம்பள நாளன்று மட்டும்தான் இந்த வீதி நிறையும். தோட்டத்துச் சனங்கள் அரிசியும் மாவும் கருவாடும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் மலை ஏறிவிடுவார்கள். இன்று ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க உலகமே இங்கு வந்திறங்குகிறது. கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகிறது.

அண்மையில் ஒரு மழை மாலையில் கோப்பிக் கடையொன்றின் ஒலிபெருக்கியிலிருந்து 'எஞ்சாயி எஞ்சாமி' கேட்டது. வெள்ளைக்கார இளைஞர்கள் சிலர் ஆடிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் என் பக்கத்தில் நின்றவர், வாப்பாவின் காலத்திலிருந்து எங்கள் கடைக்கு வந்துபோன ஒரு தோட்டத்து மூதாட்டி. கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டவர் என்னைப் பார்த்து, "ராகம் நம்ம ஒப்பாரியாட்டந்தான் இருக்கு தம்பி. யாரு செத்ததுக்குப் பாடுறாங்க?" என்றார்.

இதற்கு ஏன் ஆடுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. ஆட்டம் அவருக்குப் புதிதல்ல. இழவு வீட்டில் தப்பு அடிப்பதும் அதற்கு ஆடுவதும் லயத்து வாழ்க்கையில் உள்ளவைதான். அவர் கேட்டது செத்தவரின் பெயரை. ஒப்பாரியில் பெயர் சொல்லியாக வேண்டும், உறவு சொல்லியாக வேண்டும், ஊர் சொல்லியாக வேண்டும். பெயரில்லாத ஒப்பாரி அவர் அறியாதது.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போனதில் எழுந்தது.

அந்தப் பாடலின் கதை வாசகர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். 2021 மார்ச் மாதம் மாஜா என்ற நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. தீ, அறிவு இருவரும் பாடினார்கள். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். பாடலுக்குப் பின்னால் இருப்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். நிலத்தைப் பண்படுத்தியவர்களுக்கு நிலம் இல்லாமல் போனது என்ற அவருடைய ஆற்றாமைதான் பேரனின் வரிகளுக்கு ஊற்று. ஆகவே பல கோடிப் பேர் கேட்ட அந்தப் பாடலை நம் மலைகளிலிருந்து புறப்பட்டுப் போன ஒரு குரலின் எதிரொலி எனலாம்.

முதலில் பாடலைப் பாடலாகப் பார்ப்போம். தீயின் குரலைத் தமிழ்ச் சினிமாவின் பின்னணிக் குரல் மரபுக்குள் வைக்க முடியாது. தேன் ஒழுகும் உச்ச ஸ்தாயி அதில் இல்லை. தாழ்ந்த சுருதியில், சொற்களை முழுதாக அவிழ்க்காமல், தனக்குள் பாதியும் வெளியே பாதியுமாகப் பாடுகிறார். ஈழத்து வேர்கொண்டு அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர் அவர். அவருடைய உச்சரிப்பில் இருக்கும் சிறிய அந்நியத்தன்மை இந்தப் பாடலுக்குக் கேடு செய்யவில்லை, உதவியே செய்திருக்கிறது. ஊரை விட்டுப் போனவர்களின் பேத்தி பாட்டியின் மொழியைத் தொட்டுத் தடவிப் பார்க்கும் உணர்வை அது தருகிறது. அறிவின் பகுதிகளில் ஒப்பாரியின் சாயல் வெளிப்படையாகவே தெரிகிறது. மூச்சை இழுத்து, வரியின் கடைசியில் குரலைக் கீழே சரியவிடும் அந்த முறையைத்தான் மூதாட்டி இனங்கண்டுகொண்டார். துள்ளல் தாளமும் இழப்பின் சொல்லும் ஒன்றையொன்று கெடுக்காமல் சேர்ந்து நிற்பதுதான் இப்பாடலின் வெற்றி.

இனி வருவது பெயரின் கதை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு அட்டைப்படம் வெளியிட்டபோது அதில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. கண்டனங்கள் எழுந்த பின்னர் அறிவுக்கெனத் தனியே ஒரு மின்னட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இதைப் பாடினார்கள். அப்போதும் அறிவு மேடையில் இல்லை. பாடலை ஆக்கியவர் யார் என்ற விவாதம் மூவருக்குமிடையே பகிரங்கமாக நடந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், மூன்று வருடங்களாகியும் இப்பாடலால் தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று சொன்னார்.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பெழுதுவது என் நோக்கமன்று. ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். அட்டையில் யார் பெயர், மேடையில் யார் பெயர், வருமானத்தில் யார் பங்கு என்று பேரன் பேத்தி தலைமுறை வாதாடிக்கொண்டிருந்த அத்தனை காலமும், முதலில் அழுத பாட்டியின் குரல் தனியாக ஒரு பதிவில் எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. வள்ளியம்மாள் காணொளியில் வீற்றிருக்கிறார். தோட்டத்தில் அழுத அவருடைய தலைமுறைப் பெண்களின் குரல் எந்தத் தட்டிலும் இல்லை.

இசைத்தட்டின் வரலாற்றில் பெயர் சிறிய விடயமாக இருந்ததே இல்லை. 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் நின்ற கௌஹர் ஜானை நினைத்துப் பார்க்கலாம். ஆர்மீனியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, தாயோடு இஸ்லாத்தைத் தழுவிய பெண். இந்தியாவில் வணிக ரீதியாக வெளிவந்த முதல் இசைத்தட்டுகளில் சில அவருடைய குரலைச் சுமந்தவை. மணிக்கணக்காக விரியும் ராகத்தை ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைக்கும் வித்தையை அவர் தானாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தோடு பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். தட்டில் உறை ஒட்டும் தொழிலாளிக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்ற நடைமுறைத் தேவைக்காகவே அப்படிச் சொல்லும் வழக்கம் வந்தது. இன்று அந்தத் தட்டுகளின் மீள்வெளியீடுகளைக் கேட்கும்போது அது அறிவிப்பாக மட்டும் ஒலிக்கவில்லை. இந்தக் குரலுக்கு ஓர் உரிமையாளர் உண்டு என்று ஒரு பெண் நூறு ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து சொல்வதாகவே எனக்குக் கேட்கிறது.

பேகம் அக்தரின் கதை இன்னொரு விதம். அவருடைய பழைய தட்டுகளில் இருந்த பெயர் அக்தரி பாய் ஃபைஸாபாதி. 1945இல் ஒரு சட்டத்தரணியை மணந்த பின்னர் சில ஆண்டுகள் பாடாமலிருந்தார். மீண்டும் பாட வந்தபோது பேகம் அக்தர் ஆனார். ஒரே குரல், இரண்டு பெயர்கள். முதல் பெயரில் ஊர் இருந்தது; 'பாய்' என்ற சொல்லும் அதற்கு அன்றைய சமூகம் ஏற்றிவைத்த இழிவும் இருந்தன. இரண்டாவது பெயரில் குடும்ப மரியாதை இருந்தது. மீள்வெளியீடு செய்பவர்கள் இரண்டு பெயர்களையும் ஒரே உறையில் சேர்த்துப் போடும்போதுதான் அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுதாகத் தெரிகிறது. நல்ல மீள்வெளியீடு என்பது இரைச்சலை நீக்கிய ஒலி மட்டுமல்ல என்பதற்கு இது சான்று.

நமது நாட்டுக்கு வருவோம். சிங்களத் திரையின் முதல் நாயகி ருக்மணி தேவி 1923இல் மலைநாட்டின் இறம்பொடையில் பிறந்தவர். தமிழ்ப் பேச்சுள்ள கிறிஸ்தவக் குடும்பம். இயற்பெயர் டெய்சி இராசம்மா டேனியல்ஸ். அவரைப் புகழ் பெறச் செய்த ஆரம்ப இசைத்தட்டு எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் பாடிய புத்தகயாவைப் போற்றும் பாடல். 1947இல் வெளியான முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ'வில் நடித்தார். 1978இல் வீதி விபத்தில் இறந்த பிறகும் அவர் குரல் தட்டிலிருந்து கெசட்டுக்கும், கெசட்டிலிருந்து இறுவட்டுக்கும் ஏறி வாழ்கிறது. சிங்களச் சகோதரர்கள் அவரைத் தங்கள் குரலாகவே கொண்டாடுகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இறம்பொடையில் பிறந்த இராசம்மா தன் பெயரோடு அந்தத் தட்டில் ஏறியிருந்தால் இந்த நாடு அவரை அப்படியே ஏற்றிருக்குமா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

குரலுக்கு மதம் இல்லை என்பதைச் சாதாரண சனங்கள் எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பகுதித் தோட்டங்களில் திருவிழா வந்தால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் கூம்பு ஒலிபெருக்கியில் மலைக்கு மலை எதிரொலிக்கும். அவர் பிறந்தது கிறிஸ்தவக் குடும்பத்தில். நமது கலியாண வீடுகளில் நாகூர் ஹனீபாவின் பாடல்கள் ஒலிக்கும்போது அவரோடு சேர்ந்து கேட்கும் பெண் குரல்களில் ஒன்று கே. ராணியுடையது. அவர் முஸ்லிம் அல்லர். 2018இல் அவர் காலமானபோது நம் சஞ்சிகைகளில் எத்தனை அவரை நினைவுகூர்ந்தன? ஹனீபாவை 'இசைமுரசு' என்று கொண்டாடினோம். அது அவருக்குத் தகும். கூடப் பாடியவரின் பெயர் உறையின் மூலையில் சிறிய எழுத்தில் இருந்தது. அதை நாம் வாசிக்கவில்லை.

இதுவரை சொன்னவர்கள் எல்லாரும் எப்படியோ தட்டில் ஏறியவர்கள். ஒருமுறை ஏறிவிட்டால் பின்னர் வரும் காலம் அவர்களைத் தேடி எடுத்துத் தூசு தட்டும். மீள்வெளியீடு என்ற நியாயம் முதல் வெளியீடு வாய்த்தவர்களுக்கு மட்டுமே உரியது. முதல் தட்டே இல்லாதவர்களுக்கு எதை மீள வெளியிடுவது?

மலையகத்தில் இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம் மீனாட்சியம்மாள். கோ. நடேசய்யரின் துணைவியாரான அவர் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தானே பாட்டுக்கட்டிப் பாடியவர். மேடையில் பேச்சுத் தொடங்குமுன் அவர் பாட்டுத்தான் சனத்தைக் கூட்டியது என்று எழுதியவர்கள் உண்டு. 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அவருடைய பாடல்கள் சிறு நூலாக வெளிவந்தன. அந்தக் காலத்துப் பிரபல மெட்டுகளில் அமைந்த அப்பாடல்களை இன்று வாசிக்கலாம். கேட்க முடியாது. எந்த இடத்தில் குரலை உயர்த்தினார், எந்தச் சொல்லில் நிறுத்தித் துரைமாரைப் பரிகசித்தார் என்பதெல்லாம் அந்த மேடையோடு போய்விட்டன. கே.பி. சுந்தராம்பாளின் கணீரென்ற குரல் தட்டுகளில் ஊர் ஊராகப் போன அதே காலத்தில்தான் மலையகத்தின் முதல் அரசியல் பாடகி ஒரு தாள் புத்தகத்துக்குள் அடங்கினார்.

சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வந்தது. சாரல் நாடனும் வாய்மொழி இலக்கியத்தைப் பற்றி எழுதினார். இவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனால் ஒப்பாரியை எழுத்தில் பிடிப்பது தண்ணீரைக் கையில் அள்ளுவது போலத்தான். ஒப்பாரி மனப்பாடமாக ஒப்பிக்கும் பாட்டு அல்ல. ஒரு கட்டு இருக்கிறது, ஒரு மெட்டு இருக்கிறது. அதற்குள் அந்தப் பெண் தன் வீட்டுப் பெயர்களையும், தன் மலையின் நம்பரையும், தன் மகனைக் கொண்டுபோன நோயையும் அந்த நேரத்திலேயே வைத்துப் பின்னுகிறாள். கட்டிப்பிடித்து அழும் மற்றவள் அடுத்த வரியைத் தருகிறாள். விம்மல் எங்கே சொல்லை வெட்டுகிறதோ அங்கேதான் யாப்பு. அச்சில் வரும்போது விம்மல் போய்விடுகிறது. தொகுத்தவர் பெயர் அட்டையில் வருகிறது. பாடியவள் 'தோட்டத்துப் பெண்ணொருத்தி' ஆகிவிடுகிறாள்.

இந்த மலைகளின் வரலாற்றில் ஒப்பாரி இழவு வீட்டோடு நிற்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சமூகத்தையே நாடற்றதாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன கோச்சிக்குச் சனங்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. போகிறவள் யன்னலில் அழ, நிற்கிறவள் மேடையில் அழ, புகையிரத நிலையமே இழவு வீடானது. 1924இல் பதுளையை எட்டிய இந்தப் பாதையின் நிலையங்கள் கேட்டதைப் போன்ற கூட்டிசையை எந்த அரங்கமும் கேட்டிருக்காது. அதில் ஒரு நிமிடமாவது யாரும் ஒலிப்பதிவு செய்து வெளியிட்டதாக நான் கேள்விப்படவில்லை. ஆசியாவிலேயே பெரியது என்று பேசப்பட்ட இசைத்தட்டுக் களஞ்சியம் இருந்த வானொலி நிலையம் இதே நாட்டில்தான் இருந்தது. தோட்டத்து லயங்கள் அந்த வானொலியில் சுசீலாவையும் ஜிக்கியையும் கேட்டு மகிழ்ந்தன. லயத்தின் குரல் வானொலிக்குப் போகவில்லை.

தமிழ்நாட்டு நாட்டார் பாடகிகளின் பெயர்களைப் பாருங்கள். கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா, கிடாக்குழி மாரியம்மாள். பெயருக்கு முன்னால் ஊர் நிற்கிறது. நாகூர் ஹனீபாவுக்கும் அப்படித்தான். அக்தரி பாய் ஃபைஸாபாதிக்கும் அப்படித்தான். ஊர் என்பது ஒரு குரலின் முகவரி. 2021இல் 'கர்ணன்' படத்தில் மாரியம்மாளின் குரல் ஒலித்தபோது கிடாக்குழியும் சேர்ந்தே ஒலித்தது. மலையகப் பெண் எதைத் தன் பெயருக்கு முன்னால் வைப்பாள்? தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, சனங்கள் வைத்த பெயர் இன்னொன்று. இருக்கும் லயத்துக் காம்பராவே தோட்டத்துக்குச் சொந்தம். குரல் பதிவாகாமல் போனதற்குக் கருவி இல்லாதது மட்டும் காரணமல்ல. ஊர் என்று உரிமையோடு சொல்ல ஒரு மண் இல்லாததும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாளும் கீழக்கரை ஆசியா உம்மாவும் மெய்ஞ்ஞானப் பாடல்கள் பாடிய மண் நம்முடையது. ஆய்வரங்குகளில் அவர்களை மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அவர்கள் பாடல்களை ஒரு பெண் குரலில் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? பெண்புத்தி மாலையையும் மற்ற மாலைகளையும் நம் வீடுகளில் இராகத்தோடு படித்த தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பெண்ணின் குரல் மறைக்கப்பட வேண்டியதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அதில் புகுந்து பேச நான் ஆலிம் அல்லன். உம்மு குல்தூம் ஒரு பள்ளிவாசல் இமாமின் மகள் என்பதையும், குர்ஆன் ஓதிப் பழகிய நாவால்தான் அவர் அரபுலகத்தைக் கட்டிப்போட்டார் என்பதையும், சிறுமியாக இருந்தபோது தந்தை அவருக்கு ஆண்பிள்ளை உடுப்பு உடுத்தியே சபைகளில் பாட வைத்தார் என்பதையும் மட்டும் நினைவூட்டுகிறேன். அந்தத் தந்தையின் தடுமாற்றம் நமக்குப் புரியாதது அல்ல.

என் வீட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் சாச்சா சவூதியிலிருந்து வந்தபோது வானொலியும் கெசட்டும் சேர்ந்த ஒரு பெட்டி கொண்டுவந்தார். உம்மும்மா அப்போது எங்களோடு இருந்தார். பிள்ளைகளைத் தாலாட்டும்போது நபிமாரின் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்கி, இடையிடையே தன் பிள்ளைகளின் பெயர்களையும் செருகி அவர் பாடுவார். உம்மா ஒருநாள் அவருக்குத் தெரியாமல் அதைப் பதிந்து வைத்தார். ஒரு பக்கம் முழுக்க. அந்தக் கெசட்டின் மேல் எதுவும் எழுதவில்லை. உறையும் இல்லை. சில மாதங்கள் கழித்து வெற்றுக் கெசட் என்று நினைத்து, இல்லை, உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் போட்டுக் கேட்டுவிட்டு, 'உம்மும்மாவின் பாட்டுத்தானே' என்று நினைத்து, வானொலியில் போன சினிமாப் பாடல்களை அதன்மேல் பதிந்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அடுத்த வருடம் உம்மும்மா மவுத்தானார். உம்மா அந்தக் கெசட்டைத் தேடி எடுத்துப் போட்டபோது என்ன கேட்டது என்பதை எழுத வேண்டியதில்லை. உம்மா என்னை ஏசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்தக் கெசட்டின் மேல் ஒரு பெயர் எழுதியிருந்தால் நான் அழித்திருக்க மாட்டேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அரை உண்மைதான். ஆனாலும் அந்த அரை உண்மையில் ஒரு பாடம் இருக்கிறது. பெயர் எழுதாத குரலை அழிப்பது எவருக்கும் சுலபம்.

பெயரைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. இலண்டனில் வளர்ந்த ஈழத்துப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் வெளியிட்ட முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்று பெயரிட்டார். 2007இல் வந்த இரண்டாவது தொகுப்புக்குத் தாயின் பெயர், 'கலா'. சென்னையில் பதிவு செய்த உறுமி மேளத்தின் அதிர்வு அதில் மேற்குலகின் நடனக் கூடங்களுக்குப் போனது. தந்தையின் பெயர் வரலாற்றில் எப்படியும் இருக்கும், தாயின் பெயரை யாராவது எழுதினால்தான் உண்டு. அந்த வகையில் 'கலா' முக்கியமான தலைப்பு. அறிவும் 2024இல் தன் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். சஞ்சிகை அட்டையிலும் விழா மேடையிலும் நடந்தவற்றுக்கு அவர் தந்த கௌரவமான பதில் அது. தன்னை இன்னாருடைய மகன் என்று சொல்லாமல், தோட்டத்தில் உழைத்த ஒரு பெண்ணின் பேரன் என்று சொல்லிக்கொள்வது தமிழ்ப் பாட்டு உலகில் சிறிய காரியம் அல்ல.

2023இல் மலையக மக்களின் இருநூறாவது ஆண்டு நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். அதே வருடம் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் சிறுமி தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டி மேடையில் நின்றபோது மலைநாடே திரைக்கு முன்னால் உட்கார்ந்து கண் கலங்கியது. எங்கள் வீட்டிலும் கலங்கினோம். அவள் பெயருக்கு முன்னால் தோட்டத்தின் பெயரும் சொல்லப்பட்டது. அது நல்ல மாற்றம். ஆயினும் அத்தகைய மேடைகள் கேட்பது சினிமாப் பாடல்களை. அவளுடைய பாட்டியின் பாட்டை அவள் பாடும் மேடை இன்னும் கட்டப்படவில்லை.

அதை யார் கட்டுவது? இப்போது ஒலிப்பதிவுக்குக் கல்கத்தா போக வேண்டியதில்லை. எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. கருவி வந்துவிட்டதாலேயே நியாயம் வந்துவிடாது என்பதற்கு மேலே சொன்ன பாடலே அத்தாட்சி. ஆகவே சில நிபந்தனைகளை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். பாடியவரின் பெயர் முதலில் வர வேண்டும். தோட்டத்துக்குச் சனங்கள் வைத்த பெயர், மலை, பதிந்த திகதி வர வேண்டும். யாரிடம் கற்றார் என்பதும் வர வேண்டும். பதிந்ததை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதை அவரே சொல்ல வேண்டும். பணம் வந்தால் முதல் பங்கு அவருக்கு. தொகுத்தவர் பெயர் கடைசியில் சிறிய எழுத்தில் இருந்தால் போதும்.

இந்த நிபந்தனைகளை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த மூதாட்டியைத் தேடி இரண்டு வாரம் கழித்து லயத்துக்குப் போனேன். ஒப்பாரி பாடிக் காட்டுங்கள், உங்கள் பெயரோடு பதிந்து தருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். "அது சும்மா பாடுற பாட்டில்ல தம்பி. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கையில ஒப்பாரி வச்சா வீட்டுக்கு ஆவாது. நா செத்தா எம் மகளுக கட்டி அழுவாளுக, அப்ப வந்து புடிச்சுக்க" என்றார். நான் எவ்வளவு பெரிய முட்டாள்தனத்தோடு போயிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. பெயர், உரிமை, பங்கு எல்லாவற்றையும் யோசித்த நான் அந்தப் பாட்டுக்கு ஒரு வேளை இருக்கிறது, ஒரு விலக்கு இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்ற ஆசையும் ஒருவகைப் பறிப்பாகிவிடலாம்.

ஆனால் அவர் என்னை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பேத்தியின் குழந்தை தொட்டிலில் கிடந்தது. "இதுன்னா பாடலாம்" என்று தாலாட்டுப் பாடினார். தொட்டில் கயிறு உத்தரத்தில் உராயும் சத்தமும், வெளியே யாரோ பாத்திரம் விளக்கும் சத்தமும் பதிவில் இருக்கின்றன. பாடி முடித்ததும் தன் பெயரையும் தாயின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொன்னார். நான் கேட்டதால் சொன்னார். இரண்டு வாரத்துக்கு முன்னர் அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக, வள்ளியம்மாள் என்ற ஒருவரைப் பற்றி நானும் அவரிடம் சொன்னேன். "எந்தத் தோட்டத்துக்காரி?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இந்தப் பதிவு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று அவர் பேத்தி கேட்டுக்கொண்டார். அது அவர்கள் உரிமை. பிரதியொன்றை அவர்களுடைய தொலைபேசியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். குழந்தை வளர்ந்தால் கேட்கும்.

இச்சஞ்சிகையின் வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீடுகளில் பழைய கெசட்டுகள் இருக்கும். மேலே எதுவும் எழுதாதவையும் இருக்கும். குப்பையில் போடுமுன் ஒருமுறை முழுதாகப் போட்டுக் கேளுங்கள். உம்மாவோ, மாமியோ, அயல்வீட்டு அம்மாவோ பாடுவது கேட்டால், அவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களிடமே கேட்டு, இல்லையென்றால் தெரிந்தவர்களிடம் கேட்டு, பெயரை எழுதி வையுங்கள்.